மூலநூலும் மோட்டார் வண்டியும்

"உரையை மட்டும் நம்பாதீர், மூலத்தைப் படியுங்கள்" என்று முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு உரைத்து வருகின்றேன். ஆயினும், என் தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் காரின் கைந்நூலை ஒருமுறையேனும் விரித்தறியேன். சென்ற ஆண்டு ஒருநாட் காலை, எண்ணெய் அழுத்தம் குன்றியதை உணர்த்தும் விளக்கு எரிந்தது. கல்லூரி மணி அடித்துவிடுமே என்று அதனைப் பொருட்படுத்தாது செலுத்தினேன். வழியிலேயே எஞ்சின் இறுகி நின்றது.

"ஐயா, ஒயில் பாக்கிற கம்பியை எப்பவாவது இழுத்துப் பாத்தனீங்களோ?" என்றார் மெக்கானிக். விடை கூறவியலாது தலைகுனிந்தேன்.

பின்னர் இத்துறை பற்றித் தேடிப் படித்தபோது, என் தொழிலினர் ஒருவரின் வரலாறு கிட்டியது. அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில் வாழ்ந்த ஏர்வ் கோர்டன் ஒரு விஞ்ஞான ஆசிரியர். 1966 இல் அவர் வொல்வோ பி1800 கார் ஒன்றை வாங்கினார். பாடசாலைக்குச் சென்று மீள நாள்தோறும் ஏறத்தாழ 125 மைல் ஓட்டினார். அவ்வண்டி 1987 இல் 10 இலட்சம் மைலையும், 2002 இல் 20 இலட்சத்தையும், 2013 இல் 30 இலட்சத்தையும் கடந்தது. 6,80,000 மைல் ஓடிய பின்னரே எஞ்சினைப் பிரித்துப் புதுக்க வேண்டியிருந்தது. அவர் கையாண்ட மந்திரம் யாது? கைந்நூல் விதித்தவாறு ஒழுகினார். 3,000 முதல் 3,500 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினார். அவ்வளவே.

நெடுந்தூரமும் அவருக்குத் துணை செய்தது. எஞ்சின் நன்கு சூடேறி ஓடுகையில், எண்ணெயிற் கலந்த நீரும் எரியாத பெற்றோலும் ஆவியாகி நீங்கும். இரண்டு மூன்று மைலில் நிறுத்திவிட்டால், அவை உள்ளே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். கல்லூரிக்கும் வீட்டுக்குமாகச் சிறிதே ஓடுகின்ற வண்டி தேயாது என்று நான் கொண்டிருந்த எண்ணம் முற்றும் பிழை. குறைய ஓடும் வண்டிக்கும் காலவரையறைப்படி எண்ணெய் மாற்றுதல் வேண்டும்.

எஞ்சினைப் புதுக்க என் இரு மாதச் சம்பளம் போயிற்று. வண்டி வீடு திரும்பிய அன்று கைந்நூலைத் தேடி எடுத்தேன். அதன் இறுதிப் பக்கங்களில், எண்ணெய் மாற்றிய திகதியும் ஓடிய மைலும் தந்தையாரின் பென்சில் எழுத்தில் வரிசையாக இருந்தன. அவர் காலமான ஆண்டோடு அவ்வரிசை நின்றுவிட்டது. அதுவரை பழுதின்றி ஓடிய வண்டியைக் கெடுத்தது அதன் முதுமையன்று, என் அசட்டையே.

அப்பட்டியலின் கீழே அன்றைய திகதியை எழுதினேன். இப்பொழுது ஞாயிறுதோறும் அந்தக் கம்பியை இழுத்துப் பார்த்த பின்னரே காலையுணவு.