வாக்களிக்கக் கூலியை இழக்க வேண்டுமா? கம்பம் பள்ளத்தாக்கும் 135பி பிரிவும்

வாக்குச்சாவடிக்கு வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. தேர்தல்தோறும் நடக்கும் விழிப்புணர்வுப் பேரணிகளும் கோலப் போட்டிகளும் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. ஆனால் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் தினக்கூலிக் குடும்பங்களுக்கு முன் நிற்கும் முதல் தடை அன்றைய கூலியே.

கூடலூர், கம்பம், தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். இவர்களில் பெண்கள் மிகுதி. நிலமற்ற தலித் குடும்பங்களைச் சேர்ந்தோரும் கணிசமானோர். ஊர் திரும்ப மாலையாகிவிடும். வாக்களிக்க வேண்டுமானால் அன்றைய வேலையை விடவேண்டும். சாதாரணத் தொழிலாளிக்கு அஞ்சல் வாக்கும் கிடையாது.

இந்நிலைக்கென்றே சட்டத்தில் வழி உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இல் 1996ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 135பி பிரிவு, வாக்குரிமையுள்ள ஒவ்வொரு பணியாளருக்கும் வாக்குப்பதிவு நாளில் விடுப்பு அளிக்கப்பட வேண்டும், அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்கிறது. தினக்கூலிகளுக்கும் இது பொருந்தும். தொகுதிக்கு வெளியே வேலை செய்வோருக்கும் இவ்வுரிமை உண்டெனத் தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே இடுக்கியில் வேலை செய்யும் தேனி வாக்காளருக்கு அன்றைய கூலி உரிமையாகும். தோட்ட உரிமையாளர் மனமிரங்கித் தரும் சலுகையன்று.

நடைமுறையில் மாநில எல்லை குறுக்கே நிற்கிறது. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. ஆனால் மக்களவைத் தேர்தலில் 2019இல் தமிழ்நாடு ஏப்ரல் 18 அன்றும் கேரளம் 23 அன்றும், 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றும் கேரளம் 26 அன்றும் வாக்களித்தன. நாள்கள் வேறுபடும்போது தோட்டம் தானாக மூடப்படுவதில்லை. விடுப்பைத் தொழிலாளியே கேட்டுப் பெற வேண்டியுள்ளது. நாளை வேலைக்கு அழைக்கமாட்டார்களோ என்னும் அச்சத்தில் வாழ்பவர் எப்படிக் கேட்பார்? விதியை மீறும் உரிமையாளருக்குச் சட்டம் விதிக்கும் அபராதமோ அதிகபட்சம் 500 ரூபாய்.

இன்னொரு குறை நம்மை நேரடியாகத் தாக்குகிறது. 135பி பிரிவு மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை மட்டுமே குறிப்பிடுகிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கான விடுப்பு மாநில அரசின் தனி ஆணைகளைச் சார்ந்தது. தமிழ்நாட்டின் ஆணை கேரளத் தோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியை முடிவுசெய்வது அத்தேர்தல்தான்.

அப்பதவியின் அருமையை இப்பகுதி அறியும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட பின், பத்தாண்டுகள் ஆதிக்க சாதியினர் அதைச் செயல்படவிடவில்லை. வேட்புமனுக்கள் தடுக்கப்பட்டன, வென்றவர்கள் உடனே பதவி விலகச் செய்யப்பட்டனர். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. அங்கே மிரட்டல் வெளிப்படையாக இருந்ததால் நாடு அதைக் கண்டது. கூலி இழப்போ ஓசையின்றி அதே வேலையைச் செய்கிறது. அதைத் தேர்தல் மறுப்பென்று எவரும் எழுதுவதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே வாக்கு இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன்னரே ஒடுக்கப்பட்டோரின் அரசியல் உரிமைக்காக வாதிட்டார். அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. ஒரு நாள் கூலியை இழந்தால்தான் வாக்களிக்க முடியும் என்றால், ஒழிக்கப்பட்ட சொத்துத் தகுதி வேறு வடிவில் திரும்பிவிட்டது என்றே பொருள்.

எனவே நாம் கோருவன இவை: தேனி, இடுக்கி மாவட்டத் தேர்தல் அலுவலர்கள் வாக்குப்பதிவுக்கு முன்பே தோட்டங்களுக்குக் கூட்டாக எழுத்துவழி அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது தமிழிலும் மலையாளத்திலும் தோட்ட வாயில்களில் ஒட்டப்பட வேண்டும். அபராதம் உயர்த்தப்பட வேண்டும். மாநில எல்லை கடந்து வேலை செய்வோருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் இதே பாதுகாப்பு வேண்டும். அதுவரை, கூலி மறுக்கப்பட்டோர் தனித்தனியே நிற்காமல் சங்கமாகச் சேர்ந்து, மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும் தொழிலாளர் துறையிடமும் எழுத்தில் முறையிடுவதே நம் கையிலுள்ள வழி.