உர மூட்டை எங்கே போயிற்று?

ஓசூர்ப் பிரதேசத்தில், அதிலும் பாகலூர்ப் பக்கத்தில், கேழ்வரகுக் களி அறியாத வீட்டைக் காண்பது அரிது. ராகி நம் மண்ணுக்கே உரிய பயிர் என்று பெருமையாகப் பேசிக் கொள்கிறோம். தாவர சாஸ்திரிகளோ, அதன் பூர்வீகம் கிழக்காப்பிரிக்க மேட்டு நிலம் என்கிறார்கள். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் கடல் கடந்து வந்து நம் அடுப்பங்கரையில் குடியேறிய தானியம் அது! இவ்வளவு பழைய உறவு இருந்தும், ஆப்பிரிக்கக் குடியானவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பமே. இங்கே விளையும் ரோஜாவுக்குக் கென்யா தேசத்து ரோஜா அயல்நாட்டுச் சந்தையில் போட்டி என்பது மட்டும் நம் வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் குடியானவனுடைய கடனையும் உரத்தையும் பற்றிச் சிந்திப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவரைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் அகின்வுமி அடெசினா. நைஜீரியாவில் இபாதான் நகரில் 1960 பிப்ரவரி 6-ந் தேதி பிறந்தார். அவருடைய தேசம் சுதந்திரம் பெற்றதும் அதே வருஷத்தில்தான். தகப்பனாரும் பாட்டனாரும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர் படித்தது ஒரு கிராமப் பள்ளிக்கூடம். விளைச்சல் நன்றாயிருந்த வருஷம் வகுப்பு நிறைந்திருக்கும். பொய்த்த வருஷம் உடன் படித்த பிள்ளைகள் நின்று விடுவார்கள் என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். உபாத்தியாயர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1981-ல் இபே சர்வகலாசாலையில் விவசாயப் பொருளாதாரத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1988-ல் அமெரிக்காவில் பர்டூ சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அவர் வேலைக்கு அமர்ந்த ஸ்தாபனத்தின் தலைமை நிலையம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்சேருவில், 1972-ல் ஏற்பட்ட சர்வதேசப் புன்செய்ப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அது. அதன் மேற்காப்பிரிக்கப் பகுதியில் அவர் பணியாற்றினார். அப்புறம் நெல் ஆராய்ச்சி, கிழங்கு ஆராய்ச்சி, ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனம் என்று இருபது வருஷம் கழிந்தது.

அந்த இருபது வருஷத்தில் அவர் கண்டது என்ன? நல்ல விதை பிறந்துவிட்டது. ஆனால் அதை வாங்கக் குடியானவன் கையில் காசில்லை. பாங்கிக்காரர்களோ அவனைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். இந்தக் கதை சென்னை மாகாணத்துக்குப் புதிதல்ல. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895-லும் 1897-லும் விவசாய பாங்கிகளைப் பற்றி எழுதிய இரண்டு பாகங்களும் இதைத்தான் ஆராய்ந்தன. 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1938-ல் பிரதம மந்திரியாயிருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தார். பழைய கடன் குறைந்தது. புதுக் கடன் யார் கொடுப்பார் என்ற கேள்வி மிஞ்சிற்று.

ஆப்பிரிக்கப் பசுமைப் புரட்சிக் கூட்டணி என்ற ஸ்தாபனத்தில் அடெசினா உப தலைவராயிருந்தபோது, இந்தக் கேள்விக்கு ஒரு வழி காட்டப்பட்டது. 2008-ல் கென்யாவில் 'ஈக்விட்டி பாங்கி' 5 கோடி டாலர் வரை சிறு குடியானவர்களுக்கும் விதை, உரக் கடைக்காரர்களுக்கும் கடன் கொடுக்க முன்வந்தது. கூட்டணியும் ஐக்கிய நாடுகளின் விவசாய நிதியும் சேர்ந்து ஈடாக வைத்தது 50 லட்சம் டாலரே. கடன் திரும்பாவிட்டால் நஷ்டத்தில் ஒரு பங்கை இந்த ஈட்டுத் தொகை தாங்கும். பத்தில் ஒரு பங்குத் துணிவு பத்துப் பங்குப் பணத்தை வெளியே இழுத்தது என்று சொல்லலாம்.

பின்னர் அவர் நைஜீரியாவின் விவசாய மந்திரியானார். அங்கே சர்க்கார் உரத்தைத் தானே வாங்கி, மலிவு விலையில் கொடுக்கும் ஏற்பாடு நாற்பது வருஷமாக நடந்து வந்தது. உரம் புறப்படும், குடியானவனிடம் வந்து சேராது. பத்தில் ஒருவனுக்குத்தான் கிடைத்தது என்பது சர்க்காரே போட்ட மதிப்பு. மிச்ச மூட்டைகள் செல்வாக்குள்ளவர் கிடங்குக்கும், எல்லை தாண்டி அண்டை நாட்டுக்கும் போயின. அடெசினா மூட்டை வாங்கும் வேலையைச் சர்க்காரிடமிருந்து எடுத்துவிட்டார். 2012 முதல், பெயர் பதிந்த குடியானவனுடைய கையடக்க டெலிபோனுக்கு ஒரு செய்தி வரும். அதைக் காட்டிக் கடையில் பாதி விலைக்கு உரம் வாங்கிக்கொள்ள வேண்டியது; மறு பாதியைக் கடைக்காரருக்குச் சர்க்கார் கொடுக்கும். ஒரு கோடிக்கு மேற்பட்ட குடியானவர்கள் இதில் சேர்ந்தார்கள். நடுவிலிருந்தவர்களின் கோபத்தை நேயர்கள் ஊகிக்கலாம்! ஆனால் சர்க்கார் தன் பங்கைக் காலத்தில் செலுத்தாமல் கடைக்காரர்களுக்குப் பெரும் பாக்கி நின்றது. அவர் பதவியை விட்ட பின் திட்டமும் நின்று போயிற்று. தனி மனிதரை நம்பிய சீர்திருத்தத்தின் பலவீனம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2015 மே மாதம் ஆப்பிரிக்க அபிவிருத்தி பாங்கியின் எட்டாவது தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964-ல் ஏற்பட்ட அந்தப் பாங்கி ஐவரி கோஸ்ட் தேசத்து அபிஜான் நகரில் இருக்கிறது. அதுவும் கென்யாவில் கண்ட தத்துவத்தில்தான் நிற்கிறது. அங்கத்தினர் தேசங்கள் மூலதனத்தில் சிறு பங்கையே ரொக்கமாகக் கட்டுகின்றன; மீதிக்கு வாக்குறுதி. அந்த வாக்குறுதியின் பலத்தில் பாங்கி உலகச் சந்தையில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, ஆப்பிரிக்க தேசங்களுக்குக் கொடுக்கிறது. 1983 முதல் இந்தியாவும் அங்கத்தினர். 2017-ல் பாங்கியின் வருஷாந்தரக் கூட்டம் காந்திநகரில் கூடிற்று. அவ்வருஷமே அடெசினாவுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பரிசுப் பணமான 2,50,000 டாலரை விவசாயத்தில் இறங்கும் ஆப்பிரிக்க இளைஞர்களுக்கென்று கொடுத்துவிட்டார்.

2020-ல் சோதனை வந்தது. வேண்டியவர்களுக்குப் பதவி கொடுத்தார் என்று பெயரிடாத சிலர் புகார் எழுதினார்கள். பாங்கியின் ஒழுங்குக் குழு புகாரைத் தள்ளியும், அமெரிக்க நிதி மந்திரி வேறு விசாரணை கேட்டார். அயர்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மேரி ராபின்ஸன் தலைமையில் கூடிய குழுவும் குழுவின் முடிவையே சரியென்றது. ஆகஸ்டு 27-ந் தேதி ஒரு வாக்குக்கூட எதிரே விழாமல் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2022-ல் உக்ரேன் யுத்தத்தால் கோதுமையும் உரமும் வருவது தடைப்பட்டபோது, பாங்கி 150 கோடி டாலரை அவசர உணவு உற்பத்திக்கு ஒதுக்கியது. வெப்பத்தைத் தாங்கும் கோதுமை விதை எதியோப்பியாவின் தாழ்நிலங்களில் பரவிற்று.

ஆயினும் கணக்கின் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2006-ல் அபுஜாவில் உர மகாநாட்டை முன்னின்று கூட்டியவர்களில் அடெசினாவும் ஒருவர். அப்போது ஆப்பிரிக்கக் குடியானவன் ஹெக்டேருக்கு இட்டது சுமார் 8 கிலோ உரம். 2015-க்குள் 50 கிலோவாக்குவது என்று தீர்மானித்தார்கள். அந்த வருஷம் வந்தது, போயிற்று. 50 கிலோ எட்டவில்லை. 2025 ஆகஸ்டு 31-ந் தேதியோடு அவர் பாங்கியை விட்டு விலக, மவுரித்தேனியாவைச் சேர்ந்த ஸிதி ஊல்த் தா பொறுப்பேற்றார். இதற்கிடையே 2024-ல் நைரோபியில் கூடிய மற்றொரு மகாநாடு, உர உற்பத்தியையும் விநியோகத்தையும் மும்மடங்காக்குவதென்று புதுத் தீர்மானம் செய்திருக்கிறது. அதற்குக் குறித்த கெடு 2034.