கட்டின் பலத்தை யார் அளப்பது?

குளத்துக்குக் கீழே கமம் செய்பவர்களுக்குக் கட்டின் பலமே உயிர். அந்தப் பலத்தை யார் அளப்பது, எப்படி அளப்பது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதைப் பெரும் விலை கொடுத்தே கற்றது.

அங்குள்ள ஒறோவில் அணை சுமார் 235 மீற்றர் உயரமானது; அந்நாட்டிலேயே மிக உயர்ந்தது. 1968இல் முடிக்கப்பட்ட இது மாநில அரசுக்கே சொந்தம். அதிகாரிகள் அதைத் தவறாமல் பார்வையிட்டும் வந்தனர். ஆயினும் 2017 பெப்ரவரி 7ஆம் திகதி, மழைவெள்ளத்தைத் திறந்துவிட்டபோது, பிரதான வானின் கொங்கிறீற்றுத் தளம் பிளந்து பெருங்குழி விழுந்தது. நீர்மட்டம் ஏற, 11ஆம் திகதி அவசர வான் முதன்முறையாகப் பாய்ந்தது. அந்த வானுக்குக் கீழே இருந்தது வெறும் மலைச்சரிவு. கணித்திருந்த அளவில் இருபதில் ஒரு பங்கு நீர் பாயுமுன்னரே மண் அரித்து, அரிப்பு வான்சுவரை நோக்கி ஏறியது. மறுநாள் மாலை 180,000க்கும் அதிகமான மக்கள் உடனே வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். நல்லவேளையாக அணை உடையவில்லை. 14ஆம் திகதி அவர்கள் வீடு திரும்ப அனுமதி கிடைத்தது. உடுத்த துணியோடு புறப்படுவது எத்தகையது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

2018 ஜனவரியில் சுயாதீன நிபுணர் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வானின் தளத்தில் ஆரம்ப காலத்திலேயே வெடிப்புகள் தோன்றியிருந்தன. அடியிலிருந்த பாறை பல இடங்களில் உக்கியிருந்தது. வெடிப்பைப் பூசுவார்கள், மீண்டும் வெடிக்கும். நாளடைவில் அது வழமையாகிவிட்டது. பார்வையிட்டவர்கள் மேற்பரப்பைக் கண்டார்கள். கட்டிய காலத்துப் பதிவுகளை எடுத்து வைத்து, ‘இது எவ்வழியால் உடையக்கூடும்?’ என்று எவரும் சரிவர ஆராயவில்லை. அவசர வானின் சரிவுக்குக் கொங்கிறீற்றுப் போடும்படி 2005இலேயே சுற்றாடல் அமைப்புகள் மத்திய அரசின் ஆணைக்குழுவிடம் கேட்டிருந்தன, அது ஏற்கப்படவில்லை.

வான் உடைந்த பின்னர் மாநில அரசு இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவதாக, வேறு பல பெரிய அணைகளின் வான்களையும் மறுபடி ஆராயும்படி உரிமையாளர்களைப் பணித்தது. இரண்டாவதாக, 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. அணை உடைந்தால் வெள்ளம் எங்கெங்கே பரவும் என்ற வரைபடமும், அவ்வேளையில் செய்யவேண்டியவற்றைக் கூறும் அவசரகாலத் திட்டமும் இருக்கவேண்டும். கீழே ஆபத்துக் குறைந்த அணைகளுக்கு மட்டுமே விலக்கு. வரைபடங்களைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

இந்த இரண்டாவது காரியமே நமக்கு முக்கியம். எந்த ஊரில் கமம் செய்தாலும், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்கிறோம். அதே கூட்டத்தில் கமக்காரர் அமைப்பு இன்னும் மூன்றைக் கேட்கட்டும்: கட்டையும் துருசையும் வானையும் கடைசியாக ஆராய்ந்தது எப்போது? என்ன குறை கண்டார்கள்? உடைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? விடையை எழுத்தில் கேட்பது கீழே குடியிருப்பவர்களின் உரிமை.