ஆறு கூலிக்காரர்களின் ஊர்

இங்கிலாந்தின் தெற்கே, டார்ஸெட் ஜில்லாவில், பிடில் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. ஆறு என்பது அதற்கு நாம் கொடுக்கும் மரியாதை. வாய்க்கால் என்றாலும் பொருந்தும். அதன் கரையிலுள்ள ஊர்கள் பல அதன் பெயரையே ஏதேனும் ஒரு வடிவத்தில் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று டால்பட்டில். பதினொன்றாம் நூற்றாண்டில் கனூட் மன்னனிடம் சேவகம் புரிந்த ஓர்க் என்பவனுடைய விதவை டோலா, இவ்வூரை ஒரு மடத்துக்குத் தானம் செய்தாள். அவள் பெயரும் ஆற்றின் பெயரும் கலந்தே ஊர்ப் பெயராயிற்று.

ஊரில் ஒரு பெரிய தெரு, ஒரு பழைய மாதாகோயில், ஒரு புல்வெளித் திடல், அத்திடலில் முந்நூறு வயதைக் கடந்த ஒரு ஸிகமோர் மரம். மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து எழுப்பிய தடித்த சுவர்கள். அவற்றின்மேல் கூரை வேய்ந்த வீடுகள். சித்திரத்தில் பார்த்தால் அழகுதான். ஆனால் 1830-ஆம் வருஷத்தையொட்டி அவ்வீடுகளில் குடியிருந்தவர்களின் வயிற்றைச் சித்திரக்காரர் எவரும் எழுதிக் காட்டவில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவர்களுக்கு அன்றாட ஆகாரம், மாமிசம் அபூர்வம். பொதுப் புறம்போக்குகளை நிலச்சுவான்கள் வேலியடைத்துக்கொண்டபின், மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும்கூட ஏழைகளுக்கு இடமில்லை. பிள்ளைகள் வயலில் பட்சி விரட்டினார்கள். அறுவடையானதும் பெண்கள் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலச்சுவான்களின் கோயில் வேறு. கூலிக்காரர் பலர் கூடிய மெதடிஸ்ட் ஜெபவீடு வேறு.

வாரக் கூலி ஒன்பது ஷில்லிங்காக இருந்தது. அது எட்டாகி, ஏழாகி, இனி ஆறுதான் என்ற பேச்சும் எழுந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற உழவுத் தொழிலாளி மனைவியும் மூன்று குழந்தைகளும் உடையவர். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்பவர். பேசிப் பார்த்தும் பயன் காணாமல், 1833-ஆம் வருஷக் கடைசியில் அவரும் சகாக்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள். சேருவதற்கு ஒரு ஷில்லிங். பின் வாரம் ஒரு பென்னி. தாமஸ் ஸ்டாண்ட்பீல்டின் வீட்டு மேல்மாடியில் கூட்டம். புதிதாகச் சேருகிறவரின் கண்ணைக் கட்டி, பைபிளைத் தொட்டுப் பிரமாணம் செய்வித்தார்கள். ஒரு எலும்புக்கூட்டுப் படம் வேறு சுவரில் இருந்தது. இந்தச் சடங்கு அக்காலச் சங்கங்களின் வழக்கம். ஆனால் அதுவே அவர்களுக்கு வினையாக முடிந்தது.

சங்கம் சேர்வதைச் சட்டம் 1824-லேயே அனுமதித்துவிட்டது. ஆகவே உள்ளூர் மாஜிஸ்திரேட்டான நிலச்சுவான் ஜேம்ஸ் பிராம்டன் வேறு ஆயுதம் தேடினார். 1797-இல் கடற்படைக் கலகத்தை அடக்குவதற்காக, ரகசியப் பிரமாணம் செய்விப்பதைக் குற்றமாக்கி இயற்றிய சட்டம் அகப்பட்டது! கப்பலையே கண்டிராத உழவர்கள்மேல் அது பாய்ந்தது. 1834 பிப்ரவரி 24-ஆம் தேதி விடியற்காலையில் அறுவரைக் கைது செய்தார்கள்: ஜார்ஜ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டாண்ட்பீல்டு, அவர் மகன் ஜான், இளைஞன் ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட். டார்செஸ்டர் வரை அவர்களை நடத்திச் சென்றார்கள். மார்ச்சு மாதத்தில் ஏழு வருஷத் தீவாந்திர சிக்ஷை விதிக்கப்பட்டது. ஐவர் நியூ ஸௌத் வேல்ஸுக்கும், ஜார்ஜ் வான் டீமன் தீவுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுடைய மனைவிமார் ஊர்த் தர்ம நிதியிலிருந்து உதவி கேட்டபோது, அதையும் மறுத்தார்கள். இந்த மறுப்பு தீர்ப்பைக் காட்டிலும் கொடியது என்பது என் எண்ணம்; தீர்ப்புக்காவது ஒரு சட்டத்தின் போர்வை இருந்தது.

ஏப்ரல் 21-ஆம் தேதி லண்டனில் பல்லாயிரம் ஜனங்கள் ஊர்வலம் சென்றார்கள். உள்நாட்டு மந்திரி மெல்போர்ன் பிரபு அவர்களுடைய மனுவைக் கையால் வாங்கவும் மறுத்தார். கிளர்ச்சி ஓயவில்லை. பார்லிமெண்டில் வேக்லி என்ற அங்கத்தினர் விடாமல் வாதாடினார். 1836 மார்ச்சில் முழு மன்னிப்புப் பிறந்தது. தமக்கு விடுதலை கிடைத்த செய்தியை ஜார்ஜ் ஒரு பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம்! 1837-இல் அவர் திரும்பினார். கடைசியாக வந்த ஹாமெட் 1839-இல்தான் தாய்நாட்டை மிதித்தார்.

ஐவர் பின்னர் கானடாவில் குடியேறிவிட்டார்கள். ஹாமெட் ஒருவரே டால்பட்டிலில் தங்கிக் கட்டட வேலை செய்து பிழைத்தார். 1875-இல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் அவருக்கு ஒரு தங்கக் கடிகாரம் பரிசளித்துக் கௌரவித்தார்கள். ஆயினும் முதுமையில் அவர் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் தஞ்சம் புகுந்து, 1891-இல் அங்கேயே காலமானார். பிறந்த ஊர்க் கோயில் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

1934-இல் தொழிற்சங்கக் காங்கிரஸார் அவ்வூரில் முதிய விவசாயத் தொழிலாளருக்காக ஆறு வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அறுவரில் ஒருவர் பெயர். ஹாமெட்டின் சமாதிக்கு எரிக் கில் என்ற சிற்பி எழுத்துப் பொறித்த கல் அவ்வருஷமே வந்தது. ஜூலை மாதந்தோறும் சங்கக் கொடிகளுடன் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தெருவில் ஊர்வலம் வருகிறார்கள்; அக்கல்லருகே மலர் வளையம் வைக்கிறார்கள்.