குழந்தைகள் மருத்துவமனைத் தொண்டு: ஆர்வம் இருக்கிறது, விதி இல்லை

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோ மீட்டர் தொலைவில், பங்களா சாகிப் குருத்வாரா இருக்கும் பகுதியில் அமைந்துள்ளது கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை. லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த இம்மருத்துவமனை 1956 முதல் இயங்கி வருகிறது. யமுனைக்கு அப்பால் கீதா காலனியில் தில்லி அரசின் சாச்சா நேரு குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. தெற்கு தில்லியில் எய்ம்ஸ். உத்தரப் பிரதேசம், பிகார், ஹரியாணா, ராஜஸ்தான் எனப் பல மாநிலங்களிலிருந்து நோயுற்ற குழந்தையோடு ரயிலேறும் குடும்பங்கள் வந்து சேரும் இடங்கள் இவை.

அக்குடும்பங்களுக்கு மருத்துவர் சொல்வது பாதி புரியும். மீதியைக் கேட்கத் தயக்கம். எந்தச் சீட்டை எந்த கவுன்டரில் கொடுப்பது, ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தளம், மறுபடி வர வேண்டிய நாள் எது என்று விசாரிப்பதிலேயே பொழுது போய்விடும். குழந்தை ஒரு தோளில், கோப்பு மறு கையில். தன்னார்வத் தொண்டரின் வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வரிசையில் நிற்பது, படிவம் நிரப்புவது, தாய் மருந்து வாங்கி வரும்வரை குழந்தைக்குக் கதை சொல்வது. இதில் வீரச் செயல் எதுவும் இல்லை.

தொண்டாற்ற விரும்புவோருக்குத் தலைநகரில் பஞ்சமில்லை. கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற மத்திய அரசு அலுவலர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் முன்வருகின்றனர். ஆனால், பிறந்த நாளன்று பழமும் பிஸ்கட்டும் புகைப்படக் கலைஞருமாக வார்டுக்குள் நுழைவதே தொண்டு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. புற்றுநோய்க்கு மருந்தேறிக் கொண்டிருக்கும் குழந்தைக்கு வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் தின்பண்டமும், விருந்தினரின் சாதாரண ஜலதோஷமும்கூட அக்குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். தும்மல் வந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவதும் தொண்டில் சேர்த்திதான்.

மறுக்கும் உரிமை: தில்லியில் 2016-இல் ஷீதல் அகர்வால் தொடங்கிய 'கிளவுன்செலர்ஸ்' குழுவினர், மூக்கில் சிவப்புப் பந்து அணிந்து சாச்சா நேரு மருத்துவமனையின் வார்டுகளுக்குச் சென்றனர். நியூயார்க்கில் 1986-இல் பிக் ஆப்பிள் சர்க்கஸ் தொடங்கி வைத்த மருத்துவமனைக் கோமாளி முறைதான் இது. இம்முறையில் கோமாளி வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று குழந்தை தலையசைத்தால் திரும்பிவிட வேண்டும். ஊசியையும் மருந்தையும் மறுக்க முடியாத குழந்தைக்கு, அன்று முழுவதும் தன் விருப்பப்படி மறுக்கக் கிடைத்த ஒரே ஆள் அந்தக் கோமாளியாக இருக்கக்கூடும். சிரிக்க வைப்பதைவிட இது பெரிது என்றே தோன்றுகிறது. விளையாடும் உரிமையை ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு அங்கீகரிக்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது.

தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் இது தொடரும். சென்ற முறை பாதியில் நின்ற கதையை அக்குழந்தை நினைவில் வைத்திருக்கும். இரண்டு வாரம் வந்து மூன்றாவது வாரம் காணாமல் போகும் தொண்டரைவிட, வராமலே இருப்பவர் மேல். புற்றுநோய்ப் பிரிவில் இன்னொரு கவலையும் உண்டு. பணமும் தங்க இடமும் இன்றிச் சிகிச்சையைப் பாதியில் கைவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் பல. 2004-இல் தில்லியில் பூனம் பகாய் தொடங்கிய 'கேன்கிட்ஸ்' போன்ற அமைப்புகள் மருத்துவமனைக்குள்ளேயே ஆள்களை வைத்து அக்குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்க முயல்கின்றன.

சட்டம் சொல்வது: இவ்வளவு நெருக்கமாகக் குழந்தைகளிடம் பழகும் ஒருவரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 2012-இல் நிறைவேறிய போக்ஸோ சட்டத்தின்படி, மருத்துவமனைப் பணியில் இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் பாலியல் குற்றம் இழைத்தால் தண்டனை கடுமையாகும். குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது, தொண்டர் உள்பட எவருக்கும் கட்டாயம். 2020 மார்ச்சில் வெளியான புதிய விதிகளின் 3-ஆவது விதி, குழந்தைகள் தொடர்ந்து புழங்கும் நிறுவனங்களில் பணியாற்றும் ஒவ்வொருவர் குறித்தும் காவல் துறைச் சரிபார்ப்பு அவ்வப்போது நடைபெற வேண்டும் என்கிறது. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், பிற ஊழியர் என எல்லாரும் அதில் உண்டு. ஊதியம் பெறாத தன்னார்வத் தொண்டர் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

நல்ல மருத்துவமனைகளும் பொறுப்புள்ள அமைப்புகளும் தாமாகவே விசாரிக்கலாம். ஆனால், குழந்தையின் பாதுகாப்பை ஒரு நிர்வாகியின் முன்யோசனைக்கு விட்டுவிடுவது சரியல்ல. சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி விதிகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். திருத்தம் கோர உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. விதிகள் வெளியான அதே மாதம் கொரோனா பரவலால் மார்ச் 23-ஆம் தேதி அவைகள் ஒத்திவைக்கப்பட்டன. தொற்றில்லாத காலத்திலும், அவையில் வைக்கப்படும் காகிதங்களைப் புரட்டிப் பார்க்கும் உறுப்பினர்கள் மிகச் சிலரே என்பதைச் செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்தவர்கள் அறிவர். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு சொல். அதை மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே செய்துவிட முடியும்.

சரிபார்ப்பு என்றால் ஆர்வலர்கள் அஞ்சி ஒதுங்குவர் என்ற வாதமும் உண்டு. பாஸ்போர்ட்டுக்காகக் காவல் நிலையம் வரை போய் வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று: மருத்துவ சமூகப் பணியாளர் பணியிடங்களை நிரப்புவதற்குப் பதில், சம்பளம் கேட்காத தொண்டர்களை வைத்தே காலம் தள்ளலாம் என்று அரசு கணக்குப் போட்டுவிடக் கூடாது. தொண்டர் கதை சொல்லலாம்; ஏழைக் குடும்பத்துக்கு நிதியுதவி பெற்றுத் தரும் கோப்பில் அவர் கையெழுத்திட முடியாது.

விருப்பமுள்ளவர்கள் அணுக வேண்டியது மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவையோ, அங்கு ஏற்கெனவே இயங்கும் அமைப்பையோதான். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று குறைவாக ஒப்புக்கொண்டு, அதைத் தவறாமல் காப்பாற்றுவது நல்லது. ஹிந்தி அவசியம். போஜ்புரியோ மைதிலியோ தெரிந்தால், பிகாரிலிருந்து வந்து மூன்று நாளாக யாரிடமும் பேசாமல் அமர்ந்திருக்கும் தாய் ஒருத்தி முதலில் அவரிடம்தான் வாய் திறப்பாள்.