தேங்காய் எண்ணெய் எந்தப் பிரிவில்?

ஆன்லைன் கடையில் தேங்காய் எண்ணெய் விற்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். விலை, படம் எல்லாம் பிறகு, ‘எந்தப் பிரிவு?’ என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். மளிகைக்குள் சமையல் எண்ணெய், அதற்குள் தேங்காய் எண்ணெய் என்று ஒரு வழி இறங்குகிறது. அழகுப் பொருள்களுக்குள் தலைமுடி, அதற்குள் எண்ணெய் என்று இன்னொரு வழி. நம் வீட்டில் ஒரே பாட்டில் தாளிக்கவும் போகும், தலைக்கும் போகும். கடைக்கு அது சரிப்படாது.

பிரிவு என்பது வாங்குபவர் கண்ணில் படும் இடம் மட்டுமே என்றால் இரண்டிலும் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் கடை பிடிக்கும் கமிஷனும் கேட்கும் விவரங்களும் அதை ஒட்டியே வருகின்றன. உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண் வேண்டும். வரிக்கான எச்எஸ்என் குறியீட்டில் தேங்காய் எண்ணெய் 1513. தலைமுடிக்கான தயாரிப்புகள் 3305. சின்ன பாட்டில் எண்ணெய் இதில் எது என்ற வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது: பாட்டில் சிறியது என்பதாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது. அவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்ததென்றால், சரக்கைப் பதிவேற்றும் பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கணக்குக்கு ஒரு பிரிவு, காட்டுவதற்குப் பல என்று கடைகள் வைத்துக்கொள்கின்றன. பொங்கல் நேரத்தில் வெண்கலப் பானை ‘பொங்கல் சிறப்பு’ பக்கத்திலும் தெரியும்; அதன் சொந்த இடம் பாத்திரப் பிரிவுதான். பண்டிகை முடிந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம், பானை எங்கும் தொலையாது.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில். சட்டைக்குள் பருத்தி, அதற்குள் முழுக்கை, அதற்குள் நீலம் என்று பிரித்துக்கொண்டே போவார்கள். நான்கு துணி, இரண்டு கை, பத்து நிறம் என்றால் 80 கிளை! நிறத்தை முதலில் பார்க்கிறவர் எந்தக் கிளையில் இறங்குவார்? கூகுளின் பொருள் வகைப்பட்டியலில் 5,000-க்கும் மேற்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. நீலச் சட்டைக்குத் தனிப் பிரிவு கிடையாது. நிறம், அளவு எல்லாம் பொருளின் குணங்கள். ஓரத்தில் டிக் அடிக்கும் கட்டங்களாக அவை வந்தால் போதும்.

ஒரு பொருளைப் பல கோணத்தில் பிரித்து, வேண்டியபடி சேர்க்கலாம் என்ற இந்த யோசனையை நூலகத்தில் முறைப்படுத்தியவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய கோலன் பகுப்பு முறை 1933-ல் வெளிவந்தது. லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் பார்த்த, துண்டுகளை வேண்டியபடி பூட்டும் மெக்கானோ விளையாட்டுச் சாமான்தான் தனக்குப் பொறி தட்டவைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கடையில் கிடைத்த யோசனை, நூலகம் சுற்றிக் கடைக்கே திரும்பிவிட்டது.

அப்படியானால் புதுப் பிரிவு எப்போது வேண்டும்? கேட்கும் கேள்வி மாறும்போது. சட்டைக்குக் காலர் அளவு கேட்போம். வேட்டிக்கு நாலு முழமா எட்டு முழமா, கரை எவ்வளவு அகலம் என்று கேட்போம். அங்கே தனிக்கிளை நியாயம். நீலச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஒரே கேள்விகள்தான், பிரிக்காதீர்கள். பிரித்தபின் அவ்வப்போது ‘மற்றவை’ பிரிவைத் திறந்து பாருங்கள். ஒரே மாதிரிச் சரக்கு அங்கே குவிந்திருந்தால், கிளை விட வேண்டிய இடம் அதுதான்.