கொல்லிமலைக்கு எந்தப் பாட்டு?

காரவள்ளியைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் காருக்குள் தகராறும் தொடங்கிவிடும். எந்தப் பாட்டைப் போடுவது? 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதற்கேற்ற நீளத்துக்குப் பாட்டு வேண்டும். அப்பாவுக்கு இளையராஜா, அக்காவுக்கு ரஹ்மான், பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு ரீல்ஸில் ஓடும் ஏதோ ஒன்று. குறை சொல்ல முடியாத பாட்டுகள்தான். ஆனால் ஏற்காட்டுக்குப் போனாலும் கொடைக்கானலுக்குப் போனாலும் இதே பட்டியல்தானே ஓடுகிறது? கொல்லிமலைக்கென்றே பாட்டு வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போய்த் தேட வேண்டும்.

ஊர்ப்பெயர் வருகிறதே என்று எடுத்தால் ஏமாந்துபோவோம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் நல்ல உதாரணம். பாட்டுக்குப் பாட்டு இந்த மலைத் தெய்வத்தை விளித்தே முடியும். உள்ளே இருப்பதோ நல்ல மனைவி யார், நல்ல பிள்ளை யார் என்கிற உபதேசம். மிளகுக்கொடியும் இல்லை, அருவிச் சாரலும் இல்லை. விளியை மட்டும் மாற்றினால் எந்த ஊர்ச் சாமிக்கும் பொருந்திவிடும்.

தேவாரத்தில் கொல்லி என்றே ஒரு பண் இருக்கிறது. சூலைநோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்தான். சம்பந்தர் கழுமலத்தில் பாடிய, கல்யாண வீடுகளிலும் ஓதுகிற பதிகமும் அதே பண். இன்று ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். தாலாட்டுக்கும் உகந்த ராகம். மலைக்கும் பண்ணுக்கும் உறவு சொல்வாரும் உண்டு. உறவு இருக்கிறதோ இல்லையோ, கடைசிப் பத்து வளைவுகளில் வயிற்றைப் புரட்டும்போது நவரோஜ் இதமாக இருக்கும். என் பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டு.

முதல் இடம் புறநானூற்றின் 152ஆம் பாட்டுக்குத்தான். பாடியவர் வன்பரணர். காட்டில் ஒரு வேட்டுவன் அம்பு விடுகிறான். அது யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாகக் கடந்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பார்த்த புலவர், இவன் கொல்லிமலைத் தலைவன் ஓரியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துத் தன் கூட்டத்தாரிடம் பாட்டுக்குத் தயாராகச் சொல்கிறார். முழவுக்கு மார்ச்சனை, யாழுக்குச் சுருதி, யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, பிறகு பதலை. 21 துறையும் பாடி முடித்துத் தலைவனே என்று வணங்கியதும், அத்தனை பெரிய வில்லாளி வெட்கப்பட்டுப் போகிறான். அப்புறம் மான்கறி, தெளிந்த மது, தன் மலையில் கிடைத்த பொன், மணி என்று அங்கேயே, நடுக்காட்டிலேயே கொடுத்துவிடுகிறான்.

மலையின் உயரத்தைப் பற்றி அந்தப் பாட்டு அதிகம் பேசவில்லை. ஆனாலும் அந்த ஆளை வேறு மலையில் வைத்துப் பார்க்க முடியாது. வேட்டை, கறி, கள், கூச்சம், கொடை எல்லாம் சேர்ந்து வந்துவிடுகின்றன. பாறையையும் பனியையும் பாடும் பாட்டைவிட, அங்கே பிழைக்கிறவன் என்ன செய்கிறான் என்று பாடுவதே இடத்துக்கு நெருங்கியது என்பது என் கட்சி.

அந்தக் கணக்கில் அடுத்து வருவது வள்ளைப்பாட்டு, அதாவது உலக்கைப் பாட்டு. குறுந்தொகை 89இல் பரணர் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். உரலில் குற்றிக்கொண்டே பாடுகிறாள். ஊர் ஏதோ பேசுகிறது. அவளுக்கு உவமை கொல்லிப்பாவை. கண்டவரை மயக்கிக் கொல்லும் என்று ஊரே நடுங்கிய பாவையை உரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்த உரல் மலையில் நேற்றுவரை இருந்தது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் சோறு சாமையும் தினையும் கேழ்வரகும். சாமையின் உமி லேசில் விடாது. குற்றிப் புடைத்து மறுபடி குற்ற வேண்டும், அதுவும் பெண்கள்தான் குற்ற வேண்டும். ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மேலேறியதும் சாமைக்காடு சுருங்கியது. குற்றும் வேலைக்கு அஞ்சியே பலர் சாமையை விட்டார்கள். 1990களிலிருந்து அங்கே வேலை செய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையைக் காத்ததோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரத்தையும் மகளிர் குழுக்களின் கைக்குக் கொண்டுவந்தது. தோள்வலி போனது. உலக்கை நின்ற இடத்தில் உலக்கைப் பாட்டுக்கு என்ன வேலை?

இதற்காக ஒப்பாரி வைக்க எனக்கு மனமில்லை. வன்பரணரே இதைப் பார்த்துவிட்டார். 152க்கு அடுத்த பாட்டிலேயே, ஓரியிடம் பொற்பூவும் யானையும் வாங்கிவந்த பாணர் கூட்டம் பசி தீர்ந்ததால் ஆடவும் மாட்டாமல் பாட்டையும் மறந்துவிட்டது என்கிறார். பசி போனதும் பாட்டும் போனது. அதை அவர் ஓரிக்குப் பெருமையாகத்தான் சொல்கிறார். பாட்டுக்காக ஒருத்தி இன்னும் இருபது வருஷம் உலக்கை பிடிக்க வேண்டும் என்று கீழேயிருந்து போகிற நாம் கேட்பது அடாது. குற்றிய கைகளுக்குரிய பாட்டிகள் வளப்பூர்நாட்டிலும் அரியூர்நாட்டிலும் இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளலாம். செல்போன் போதும். ஒருவர் உலக்கை போட்டுக்கொண்டே பாடினால் இன்னும் நல்லது, தாளம் அதில்தான் இருக்கிறது.

ஓரிப் பாட்டுக்கு ஒரு மேடை தயாராகவே இருக்கிறது. ஆடி 17, 18இல் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு, கலை நிகழ்ச்சி உண்டு. 152ஐ மெட்டுப்போட்டு அங்கே பாடலாம். புறநானூற்றுக்கு இசை புதிதும் அல்ல: கணியன் பூங்குன்றன் பாட்டு 2019இல் சிகாகோ உலகத் தமிழ் மாநாட்டுக்கே கருப்பாடலாயிற்று. யாழை மீண்டும் செய்து வாசிக்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், முழவுக்கு மத்தளம் இருக்கிறது, தூம்புக்கு ஒரு கொம்பு. 21 துறைக்கும் நேரம் தர மாட்டார்கள். அமைச்சர் பேச வேண்டும். நாலைந்து துறை கிடைத்தாலும் பாடிவிடலாம்.